ஹாலோவே கட்டிய வீடு

ஜனவரி 12, ஞாயிறு

வீடு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் வாடகை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டையோடு வாடகை உயர்வையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருத்தி, சுவரில் ஓர் ஆணி அடிக்க அடுத்தவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அண்ணன் ஊருக்குத் திரும்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை அவர் நேற்றுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். மதுரையில் பெரியக்கா இருக்கும் அடுக்ககத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு ஃபிளாட் முடித்துவிட்டாராம். சாக்ரமெண்டோ பக்கம் ஃபோல்சமில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு ஏப்ரலில் அவரும் மதினியும் கிளம்புகிறார்கள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிறது. கூட ஆள் வேண்டும். "சுகந்திக்கு அந்த வேலையெல்லாம் நல்லாத் தெரியும்" என்று மதினியைக் காட்டிச் சொன்னார்.

மதினி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

ஜனவரி 18, சனி

மார்லின் என்ற வீட்டுத் தரகரைப் பிடித்திருக்கிறேன். கெட்டிக்காரி. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். மாடி வேண்டாம், அடுப்படியில் நின்றால் மரம் தெரிய வேண்டும் என்றேன். "அப்படியென்றால் உனக்கு ஐம்பதுகளின் கடைசியில் கட்டிய வீடுதான்" என்றாள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சாக்ரமெண்டோவைச் சுற்றிப் பழத்தோட்டங்களை வாங்கி, நாலு தெரு போட்டு, ஒரே மாதிரி வரிசையாகக் கட்டி விற்றிருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, வெளியே தெரியும் உத்தரங்கள், பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பெயர்பெற்றவர்கள் கட்டியது நமக்கு எட்டாது. பத்திரிகையில் படம் வந்து வந்து விலை ஏறிவிட்டது. அதே காலத்தில் அதே மாதிரி கட்டிவிட்டுப் பெயர் தெரியாமல் போன சின்ன ஆட்களும் உண்டாம். அவர்கள் கட்டியதைத் தேடுவோம் என்றாள்.

மதினியும் கூட வந்தார். "வீட்ல உக்காந்து அட்டப்பெட்டியப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இது தேவல" என்றார்.

முதல் வீட்டை யாரோ வாங்கிப் 'புதுப்பித்து' விற்கிறார்கள். தரை, சுவர், அலமாரி எல்லாம் சாம்பல் நிறம். உத்தரங்களை அட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். மதினி குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டாவது பாத்ரூம் இல்லையா?" என்று மார்லினிடம் கேட்டார்.

எனக்கு ஒரு குளியலறை போதும்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்னும் இரண்டு வீடுகள். ஒன்றின் நடுவில் நீச்சல்குளம். எனக்கு நீச்சல் தெரியாது. குளோரின் வாடையை வேலையிலேயே போதுமான அளவு முகர்கிறேன். இன்னொன்றில் அடுப்பு தெருவைப் பார்த்து இருந்தது. மதினி உள்ளே நுழைந்ததும், "தாளிச்சா பொக எங்க போகும்?" என்றார். மார்லின் இல்லாத புகைபோக்கியைத் தேடினாள்.

திரும்பும்போது அண்ணன் கைபேசியில் வந்தார். சாப்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். "குளிர்பெட்டில ரெண்டாவது தட்டுல, நீல மூடி" என்றார் மதினி. கைபேசியைப் பையில் போட்டார். பிறகு, "அந்தப் பசங்க இந்த வருஷம் நல்லாப் படிக்குதுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் சிறப்புக் குழந்தைகள் வகுப்பில் உதவியாளராகப் பதினோரு வருடமாக இருக்கிறார். இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

மழை. வேலை அதிகம். வீடு எதுவும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

கார்மைக்கேல் என்ற பகுதியில் ஒன்று பார்த்தோம்.

கட்டியவர் பெயர் ஹாலோவே. மார்லினுக்கே இவரைப் பற்றி அதிகம் தெரியவில்லை. நாலு தெருக்கள் மட்டும் கட்டிவிட்டு, அறுபத்தொன்றாம் ஆண்டில் கடையை மூடிவிட்டாராம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. தாழ்வான கூரை, கார் நிறுத்தத் திறந்த கொட்டகை, அகலமான கதவு. கதவைத் திறந்தால் வீடு தானாகவே நம்மைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் ஒரு பெரிய ஓக். உத்தரங்கள் உள்ளேயிருந்து தொடங்கி, கண்ணாடியைத் தாண்டி வெளியே போய் நிற்கின்றன. சுவர்களில் பழுப்பு மரப்பலகை, யாரும் வண்ணம் பூசவில்லை. சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரிகளின் கதவுகள் இன்னும் சத்தமில்லாமல் நகர்கின்றன. இரண்டு படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள். அடுப்பிலிருந்து மரம் தெரிகிறது.

குறைகள்: குழாய்கள் அந்தக் காலத்து இரும்பு. கூரைக்குள் வெப்பத்தடுப்பு எதுவும் இல்லை, ஜூலையில் வெந்துபோவோம். ஜன்னலிலெல்லாம் ஒற்றை அடுக்குக் கண்ணாடி, குளிரைத் தடுக்காது.

'வெந்துபோவோம்' என்று எழுதியிருக்கிறேன். 'வெந்துபோவேன்.'

சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். மதினி கிழக்குப் பக்கத்து அறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கையை விரித்து ஜன்னல் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 12, புதன்

தண்ணீர் முடிவு: ஈயம் எல்லைக்குள். இரும்பு எல்லைக்கு மேல். குழாய்களை மாற்ற வேண்டும், குடித்தால் சாக மாட்டோம்.

பிப்ரவரி 15, சனி

வீட்டுக்காரர் நம்மைப் பார்க்க விரும்புகிறார் என்று மார்லின் சொன்னாள். இது வழக்கமில்லை, விற்பவரும் வாங்குபவரும் சந்திக்காமலிருக்கத்தான் தரகர்களே. போனோம். இந்தச் சனிக்கிழமைகளில் மதினி வருவதைப் பற்றி நான் கேட்பதில்லை. கார் நின்றதும் ஏறிக்கொள்கிறார்.

திருமதி ஒகாடாவுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். சின்ன உருவம், நேரான முதுகு. மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இன்று எங்களுக்காக வந்திருந்தார். தேநீர் கொடுத்தார். வீடு எப்படிக் கிடைத்தது என்று மதினி கேட்டார். "நாங்கள் முதலில் பெரிய கம்பெனிகளிடம் போனோம். ஒரு இடத்தில் எல்லாம் விற்றுவிட்டது என்றார்கள். வெளியே பலகையில் எட்டு வீடு காலி என்று இருந்தது. ஜப்பானிய முகங்களுக்கு விற்றால் மற்றவர்கள் வாங்க மாட்டார்களாம். இந்த ஹாலோவேயிடம் வந்தோம். அவர் எந்த ஜன்னல் வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்."

நல்லவரா என்றேன். "தெரியாது. அவருக்கு வீடு விற்க வேண்டியிருந்தது, எங்களுக்கு வாங்க வேண்டியிருந்தது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பிறகு, "இங்கே யார் யார் இருப்பீர்கள்?" என்று கேட்டார். மார்லின் இருமினாள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நான் மட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றார் மதினி, ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் சொன்னதால் வேறு ஏதாவது பொருள் இருக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். 'போத் ஆஃப் அஸ்' என்பதற்கு வேறு பொருள் இல்லை. இந்தியக் கடையில் நிறுத்தி வெண்டைக்காய் வாங்கினோம். முற்றல். மதினி ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினார். அதைத் தவிர இன்று எதுவும் நடக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

வீடு நமக்குத்தான். வாங்கி உடனே விற்கும் ஒரு கம்பெனி, என்னைவிட அதிகம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. திருமதி ஒகாடா மார்லினிடம், "அந்தக் கம்பெனியின் பெயர் நினைவில் நிற்கவில்லை. அந்த இரண்டு பெண்களின் முகம் நினைவிருக்கிறது" என்றாராம்.

மதினிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அண்ணனிடம் நான் வீடு வாங்கியதை மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "அப்பா இருந்திருந்தா விருதுநகர் பூரா சொல்லிருப்பாரு" என்றார். அப்போதே மற்றதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மற்றது எதுவும் தெரியாதே. மதினி என்னிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

வீட்டைச் சோதிக்கிறவர் வந்தார். கூரைக்கு மேலே ஏறினார், தரைக்குக் கீழே தவழ்ந்தார். முக்கியமான குறை ஒன்றுதான்: மேற்குப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உத்தரத்தின் முனை உளுத்திருக்கிறது. மழை நேராக அதன் தலையில் விழுகிறது. ஹாலோவே மேலே ஒரு தகடு போட்டிருந்தால் போதும், போடவில்லை. எல்லா வீட்டிலும் இதே கதையாம்.

மார்ச் 1, சனி

அண்ணன் வீட்டுக் கூடம் முழுக்கக் கப்பலில் போகும் பெட்டிகள். நான் பெட்டி ஒட்ட உதவிக்குப் போனேன். அண்ணன் தடித்த பேனாவால் ஒவ்வொன்றிலும் மதுரை, மதுரை என்று எழுதிக்கொண்டிருந்தார். மதினி பாத்திரங்களைத் தரையில் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குவியல் யாருக்காச்சும் குடுக்கவா?" என்றார் அண்ணன்.

"இல்லங்க. இது இங்க இருக்கட்டும்."

"இங்கன்னா எங்க? வீட்டத்தான் வித்தாச்சே."

"தமா வீட்டுக்கு." என்னைக் காட்டினார்.

"அவளுக்கு எதுக்கு இம்புட்டு இட்லித்தட்டு? ஒத்த ஆளு."

"ஒத்த ஆளு இல்ல." மதினி ஒரு கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றி முடித்தார். "நான் மதுரைக்கு வரலங்க."

அண்ணன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எத்தன நாளைக்கு?"

"நாளு ஒண்ணும் சொல்லல."

"அக்காவ யாரு பாப்பா?"

"உங்கக்கா. நீங்க பாருங்க. உங்கம்மா கட்டில் பக்கத்துல நான் ஆறு வருஷம் உக்காந்தாச்சு. அதக் கொறையாச் சொல்லல. அத்த எங்கிட்ட நல்லாத்தான் இருந்தாங்க. ஆனா அது ஒரு தடவதாங்க முடியும். இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்துல என்னால போயி உக்கார முடியாது."

குரலை உயர்த்தவே இல்லை. காகிதம் சுற்றுவதையும் நிறுத்தவில்லை. அண்ணன் என்னிடம் கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"எப்ப இருந்து?"

நான் ஒட்டும் நாடாவின் நுனியைத் தேடினேன். அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நானும் மதினியும் மதுரைக் குவியலைக் கட்டி முடித்தோம். நல்ல பாத்திரங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் கைபேசியை எடுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எடுத்தார். "என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்து, படிக்க வச்சு, எல்லாம் பண்ணது நீங்கதான், எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். "நான் உங்களுக்கு எதிரா..." என்றேன். "வேலையப் பாரு தமா" என்று வைத்துவிட்டார்.

இன்று ஏழு கிணறுகளின் தண்ணீர் வந்தது. எல்லாம் சுத்தம்.

மார்ச் 21, வெள்ளி

சாவி வாங்கினேன். ஒரு மணி நேரம் தனியாக வீட்டுக்குள் இருந்தேன். வெறும் அறையில் இருமினால்கூட இரண்டு பேர் இருமுவது போலிருக்கிறது. பால் காய்ச்சவில்லை. மதினி வந்த பிறகு காய்ச்சலாம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் புது வீட்டுக்குப் போனால் கொட்டகையில் அண்ணனின் வண்டி. சொல்லாமல் வந்திருக்கிறார். ஏணி, ரம்பம், கருவிப்பெட்டி. மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருடம் பாலம் கட்டியவர். "எந்த உத்தரம்?" என்றார். உளுத்ததைப் பற்றி மதினி சொல்லியிருக்க வேண்டும். காட்டினேன். ஏணியில் ஏறித் திருப்புளியால் குத்தினார்; கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

"சுவர் வரைக்கும் போகல. முனைய வெட்டிட்டுத் தகடு போட்டா இன்னும் ஐம்பது வருஷம் நிக்கும்" என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஈர மரத்தூள் என் தலையில் கொட்டிற்று. பாதி வெட்டியபின் நிறுத்தினார்.

"நான் அவள அடிச்சிருக்கேனா?"

"இல்லண்ணே."

"ஒரு வார்த்த கெட்டதாச் சொல்லிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவங்ககிட்ட நீங்க கேட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"மதுரைக்கு வர்றியான்னு."

அவர் மறுபடியும் அறுக்க ஆரம்பித்தார். அறுத்து முடித்து, தகட்டை மடக்கி அடித்து, தூசியைப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரும்பு அதிகம் என்று நான் சொல்லியிருந்தேன், அதனாலும் இருக்கலாம்.

அவர் போனபின் யோசித்தேன். இங்கே வர்றீங்களா என்று நானும் மதினியைக் கேட்டதில்லை.

மார்ச் 29, சனி

கேட்டேன். பெட்டிகளைக் கார்மைக்கேலுக்குக் கொண்டுவந்து இறக்கியபின், அடுப்படியில் வைத்து. "மதினி, இங்க வந்து எங்கூட இருக்கீங்களா?"

"லாரிக்காரன் போனப்புறம் கேக்குற" என்றார். பிறகு, "இருக்கேன்" என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணனை விமான நிலையத்தில் விட்டு வந்தோம். மதினி அவருடைய மாத்திரைகளைக் கிழமை வாரியாக டப்பாவில் போட்டுக் கொடுத்தார். எந்த மாத்திரைக்கு வெறும் வயிறு என்று இரண்டு முறை சொன்னார். முந்தாநாள் அண்ணன் கேட்டாராம். வர்றியா என்று. முதன்முறையாக. "இல்லங்கன்னு சொன்னேன்" என்றார் மதினி. "கேட்டது நல்லாருந்துச்சு" என்றார்.

பாதுகாப்பு வரிசைக்குள் போகுமுன் அண்ணன் மதினியிடம், "குளிருக்கு ஹீட்டர் போடுங்க, மிச்சம் பிடிக்காதீங்க" என்றார். என்னிடம் தலையசைத்தார். வளைவு வரை திரும்பிப் பார்க்காமல் போனார். நீலச் சட்டை. அது அவருக்கு இப்போது தொளதொளவென்று இருக்கிறது.

காரில் மதினி அழுதார். சத்தமில்லை. நான் வானொலியைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், போட்டு, அணைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

ஒரே வீட்டில் இருப்பது வேறு. என் காபித் தூளை மதினி மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். எனக்கு எட்டவில்லை. துண்டை ஈரத்தோடு நாற்காலியில் போடுகிறேன் என்று அவருக்குக் குறை. நேற்று அதற்காகக் கொஞ்சம் பேச்சு. பிறகு இருவரும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வெளியே பார்த்தோம். பார்க்க ஏதாவது இருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கோயிலில் ஒரு அம்மாள் கேட்டார்: "சார் எப்ப திரும்பி வர்றாரு?" மதினி சொன்னார்: "அவர் வரல. நானும் போகல." 

ஏப்ரல் 27, ஞாயிறு

மதுரையிலிருந்து அண்ணன், வீடியோவில். அக்காவின் தலைமுடி சிக்குப் பிடித்து, தொட்டாலே கத்துகிறாராம். பார்த்துக்கொள்ள வரும் பெண் வெட்டிவிடலாம் என்கிறாளாம்.

"வெட்டாதீங்க" என்றார் மதினி. "தேங்கா எண்ணெயக் கையில ஊத்திச் சூடு பறக்கத் தேய்ங்க. நுனியில இருந்து வாருங்க, மேல இருந்து இல்ல. இன்னொரு கையால வேரப் பிடிச்சுக்கணும், அப்பத்தான் இழுக்காது."

அண்ணன் கைபேசியை எதன்மேலோ சாய்த்து வைத்தார். அக்காவின் பின்தலையும் அண்ணனின் பெரிய கைகளும் தெரிந்தன.  வெகுநேரம் வாரினார். அக்கா கத்தவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும், "தமா இருக்காளா?" என்று அண்ணன் கேட்டார்.

"இருக்கா. பக்கத்துலதான்."

"சரி" என்றார். அடுத்த பக்கத்தை வார ஆரம்பித்தார். நான் கண்ணாடிச் சுவரைத் துடைக்கப் போனேன்.

மே 3, சனி

துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது மதினி சொன்னார்: "இனிமே என்ன மதினின்னு கூப்பிடாத."

பயந்துவிட்டேன். "ஏன், என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அது உங்கண்ணன் வழியா வந்த பேரு. எனக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வாயில வராதே மதினி. நீங்க பெரியவங்க."

"ஆறு வயசு. பெரிய இது. பழகிக்க."

மாலை முழுக்க நான் எந்தப் பெயரும் சொல்லாமல் சமாளித்தேன். "இங்க பாருங்க" என்றேன், "ஏங்க" என்றேன். 'ஏங்க' என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

மே 10, சனி

குழாய் மாற்றுகிறவர்கள் வந்து சமையலறைத் தரையைப் பாதி பெயர்த்துவிட்டார்கள். திங்கள்தான் முடியுமாம். அதுவரை குளியலறையில்தான் பாத்திரம் கழுவ வேண்டும். குளியலறையின் புதுக் குழாயிலிருந்து வந்த முதல் தண்ணீரைச் சீசாவில் பிடித்துவைத்திருக்கிறேன். கிழக்கு அறைக்கு ஜன்னல் திரை வந்தது, ஒரு விரல்கடை குட்டை. அப்படியே இருக்கட்டும் என்றாள் சுகந்தி.